தீர்ப்பில் இல்லாதவர்களை யார் படிப்பது?

முந்தாநாள் விளையாட்டுச் சட்டக் கருத்தரங்கில் ஒரு மாணவி, வீரர்களைப் பேட்டி எடுத்து ஆய்வு செய்யலாம் என்றாள். "வீரர்களைப் பேட்டி எடுப்பது சமூகவியல், சட்ட ஆராய்ச்சி இல்லை" என்று அவளை எல்லார் முன்னாலும் உட்கார வைத்தார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளையாட்டுச் சட்டம் என்றால் விதியையும் தீர்ப்பையும் படிப்பது மட்டும்தானா? தீர்ப்பு வரைக்கும் போக முடியாதவர்களை யார் படிப்பது?

ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த்தை, உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகம் என்று 2014இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார், 2015 ஜூலையில் பெண் வீரர்களுக்கு அந்த ஹார்மோன் அளவில் வரம்பு வைத்த விதியையே நிறுத்தி வைத்தார்கள். அதைப் பற்றிக் கட்டுரை எழுதாத ஆள் இல்லை. டூட்டியை நீக்கியதற்கு எட்டு வருடம் முன்னால், 2006 தோஹா ஆசிய விளையாட்டில், புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பின்னால் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். லொசானில் அவர் பெயரில் தீர்ப்பு எதுவும் இல்லை. அப்போ தீர்ப்பை மட்டும் படிக்கிறவர் கணக்கில் சாந்தி என்று ஒருவர் ஓடவே இல்லை.

டூட்டி தீர்ப்பேகூட எதில் நின்றது? அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தால் எவ்வளவு அனுகூலம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதில்தான். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2017இல் ஓர் ஆய்விதழில் வந்த ஆய்வைக் காட்டியது. அந்த ஹார்மோன்தான் அனுகூலத்துக்குக் காரணம் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை என்று அதே இதழில் 2021இல் திருத்தம் வந்தது. அதற்குள் 2019இல் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை செமன்யா இதே மாதிரி வழக்கில் அதே தீர்ப்பாயத்தில் தோற்றாகிவிட்டது. புள்ளிவிவரத்தைக் கேள்வி கேட்கத் தெரியாத சட்ட ஆய்வாளர் இங்கே என்ன செய்வார்?

"பேட்டியில் வீரர்கள் மிகைப்படுத்துவார்கள்" என்பார்கள். சங்கங்கள் போடும் பிரமாணப் பத்திரத்தில் மிகையே இருக்காதா? "அப்போ தீர்ப்பு வாசிப்பே வேண்டாமா" என்றும் கேட்பார்கள். வேண்டும் சார், நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். ஆனால் அது போதாது, போதாது என்றுதான் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு கபடிப் பெண்ணைப் பார்த்தேன். லேமினேட் செய்த சான்றிதழ்களைத் துணிக்கடைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினாள். அணியிலிருந்து ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். போனைக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல், அதில் அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான். கடிதம் இல்லை, காரணம் இல்லை. "யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல சார்" என்றாள். எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? இது சட்டப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எதுதான் சட்டப் பிரச்சினை?

2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் வரும் என்கிறது. பிரிவு பிரிவாக அலசிக் கட்டுரைகள் வரும், வரட்டும். இந்தப் பெண் அந்தத் தீர்ப்பாயத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவாள், அந்த வாட்ஸ்அப் பட்டியலையா?