170 மி.மீ போட்டால் ஹந்தானை மட்டமாகிவிடாது

மவுண்டன் ஈ-பைக் வைத்திருக்கிற கொழும்பு ஆக்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஒரே கதைதான், எந்த ஃபோர்க் போடலாம், அதாவது முன் சில்லைப் பிடித்து அமுங்கிக் குலுக்கத்தை வாங்குகிற அந்த முன் கவை. அதுவும் கொஞ்ச நேரத்தில் சுருங்கி "அண்ணை, 170 போடலாமா 180 போடலாமா" என்பதில் வந்து நிற்கும். ஃபோர்க் எத்தனை மி.மீ அமுங்கும் என்கிற நீளம்தான் அது. வண்டியோடு வந்தது 120 மி.மீ சன்டுவர் ஃபோர்க். ஓடுவது கிழமை நாட்களில் காலி வீதி, எப்போதாவது வானில் ஏற்றிக்கொண்டு போய்க் கண்டிப் பக்கத்து ஹந்தானை மலை, இல்லாவிட்டால் அவிசாவளைப் பக்கத்து ரப்பர் தோட்டம். இதற்கு எதற்கு 170? என்னைக் கேட்டால், ஃபோர்க் மாற்றுகிற காசுக்கு நீளம் வாங்காதீர்கள், வளையாத குழாயும் நல்ல டாம்பரும் (அமுங்கித் திரும்புகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பாகம்) வாங்குங்கள். அதையும் இங்கே வைத்தே கழற்றிப் பூட்டக்கூடிய ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சமெல்லாம் ஷோ.

சாதாரண மவுண்டன் சைக்கிள் 13, 14 கிலோ வரும். மோட்டாரும் பற்றரியும் ஏறினால் அதுவே 22 முதல் 25 கிலோ. இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் அந்தப் பாரமும் உங்கள் பாரமும் சேர்ந்து முன் சில்லின் மேல்தான் விழும். ஃபோர்க்கின் 30, 32 மி.மீ தடிப்புள்ள மேல் குழாய்கள் அந்த நேரத்தில் பின்னுக்கு வளைகின்றன. வளைந்த குழாய் கீழ்க் காலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்காது, இறுகி நிற்கும். கல்லு வருகிற இடத்தில் பார்த்து ஃபோர்க் வேலை செய்யாமல் கையில் அடிக்கிறதே, அது இதனால்தான். ரொக்ஷொக்ஸ் ஸெப், ஃபொக்ஸ் 38 என்கிற இரண்டு ஃபோர்க்குகளும் 2020 இல் 38 மி.மீ குழாய்களோடு வந்தன. இறக்கத்தில் பறக்கிற பந்தயக்காரருக்குத்தான் அந்தத் தடிப்புத் தேவை என்று நினைக்கவேண்டாம். நூறு கிலோவைத் தாண்டுகிற வண்டியும் ஆளும் பிரேக் பிடிக்கும்போது குழாய்க்கு அதே கஷ்டம்தான்.

ஏற்றத்தைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. காலால் மட்டும் மிதித்து தேயிலைத் தோட்டத்துக் கல்லுப் பாதையில் மணிக்கு ஏழு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எங்களில் எத்தனை பேர் ஏறப்போகிறோம்? அந்த வேகத்தில் ஃபோர்க் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பொஷ் சிஎக்ஸ், ஷிமானோ ஈபி8 போன்ற மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் முறுக்கோ அதற்கு மேலோ தருகிறவை, அவற்றோடு அதே பாதையில் சீற்றில் இருந்தபடியே இரண்டு மடங்கு வேகத்தில் வேரிலும் கல்லிலும் போய் மோதுகிறோம். ஆக ஏறும்போதும் ஃபோர்க்குக்கு வேலை, இறங்கும்போதும் வேலை. "அந்த ஃபோர்க் 300 கிராம் கூடவாமே" என்று முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 24 கிலோ வண்டியில் 300 கிராமை யார் உணரப்போகிறார்கள்? தவிர, மலிவு வண்டிகளில் வருகிற சன்டுவர் எக்ஸ்சிஎம் இரும்பு ஸ்பிரிங்கோடு இரண்டரை கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய ஸெப்பே அதைவிடக் குறைவு.

அந்த மலிவு ஸ்பிரிங் ஃபோர்க்குகளின் குறைபாடு நீளத்தில் இல்லை. 55 கிலோ பொடியனுக்கும் 95 கிலோ ஐயாவுக்கும் உள்ளே ஒரே ஸ்பிரிங். லொக் செய்ய ஒரு துண்டு இருக்கும், ஆனால் அமுங்கினது திரும்பி வருகிற வேகத்தைப் பிடித்து வைக்க உருப்படியாக ஒன்றும் இருக்காது. இடப்பக்கத் திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று கடைக்காரரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகாது. ஸ்பிரிங் எந்தப் பாரத்தில் அசையத் தொடங்குகிறது என்பது மட்டும்தான் மாறும். இப்படியான ஒன்றிலிருந்து இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றை வைத்து வேலை செய்கிற நல்ல காற்று ஃபோர்க்குக்கு மாறினால் முதல் இறக்கத்திலேயே தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுகம் டாம்பர் தருகிற சுகம். 120 இடத்தில் 170 போட்டதால் வந்தது என்று நினைத்தால் அடுத்த முறையும் தவறான இடத்தில் காசு கொட்டுவோம்.

நீளத்தைக் கூட்டினால் வேறொன்று நடக்கும். ஃபோர்க் 20 மி.மீ நீண்டால் முன் தலைக் கோணம், அதாவது ஃபோர்க் ஏறுகிற பிரேம் குழாயின் சாய்வு, கிட்டத்தட்ட 1 பாகை சாயும். 50 கூட்டினால் உங்கள் வண்டி வேறு வண்டி. ஹாண்டில் உயர்ந்து, சீற் பின்னுக்குச் சாய்ந்து, செங்குத்தான ஏற்றத்தில் முன் சில்லு நிலத்தில் ஒட்டாமல் இங்கும் அங்கும் அலையும், மோட்டார் பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் மோசம். பிரேம் செய்த கொம்பனி ஆகக்கூடிய ஃபோர்க் நீளம் என்று ஒன்றைச் சொல்லியிருக்கும், அதைத் தாண்டினால் பிரேம் வெடித்த அன்றைக்கு வாரண்டி கேட்டுப் போகவும் முடியாது. இருந்த அளவே போடுங்கள், மனம் கேட்கவில்லை என்றால் பத்து இருபது மி.மீ கூட்டுங்கள், போதும்.

பூட்டுகிற இடத்திலும் சிக்கல் இருக்கிறது. இப்போதைய நல்ல ஃபோர்க்குகளின் ஸ்டீரர் (பிரேமின் தலைக் குழாய்க்குள் போகிற தண்டு) மேலே ஒன்றே கால் அங்குலத்துக்கும் குறைவு, கீழே ஒன்றரை அங்குலம். மலிவு பிரேம்கள் பலதில் மேலும் கீழும் ஒரே அளவுதான், அதற்குள் இது இறங்காது. முன் அச்சும் அப்படித்தான், பழையது 9 மி.மீ, 100 அகலம், புதியது 15 மி.மீ, 110 அகலம். அப்போ முன் சில்லும் மாறவேண்டும். முன் சில்லுக்குள் மோட்டார் இருக்கிற வண்டிக்காரர் தயவுசெய்து இந்தக் கதையை இதோடு விடுங்கள். அந்த மோட்டாரின் முறுக்கைத் தாங்குவதற்கு மவுண்டன் ஃபோர்க்கின் மெக்னீசியக் கால்கள் செய்யப்படவில்லை, அச்சு, அது உட்காருகிற கால் நுனியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தால் பல்லுப் போகும்.

இனிக் கடல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை கரையோர ஃபிளட்டுகளின் கீழ்த் தளத்தில் நிற்கிற சைக்கிள்களைப் போய்க் குனிந்து பாருங்கள். மலிவு ஃபோர்க்கின் மேல் குழாய் குரோம் பூசிய இரும்பு. ஒரு மாரி தாண்டினால், ரப்பர் சீலுக்குச் சற்று மேலே, குழாயின் பின்பக்கத்தில், கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில், கடுகு கடுகாகத் துரு குத்தியிருக்கும். நகத்தால் மேலிருந்து கீழே இழுத்தால் தடக் தடக் என்று தட்டும். ஒவ்வொரு அமுக்கத்திலும் அந்தப் புள்ளிகள் சீலின் உதட்டை அராவுகின்றன, அராவின இடத்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகின்றன. அலுமினியக் குழாய் ஃபோர்க்கில் இந்தத் துரு வராது, ஆனால் உப்பும் மண்ணும் சீலுக்குள் போவது அதிலும் நிற்காது. மரைன் டிரைவில் ஓடிவிட்டு வந்தால் ஈரத் துணியால் குழாயைத் துடையுங்கள், அது போதும். டபிள்யூ.டி-40 அடிக்காதீர்கள், சீலில் இருக்கிற கிறீஸைக் கரைத்துவிடும். சேர்விஸ் ஸ்டேஷனில் கார் கழுவுகிற குழாயை வைத்து அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் சீலைத் தாண்டிப் போகும், மோட்டார் பேரிங்குக்கும் போகும்.

ரொக்ஷொக்ஸ் சொல்கிற கணக்கில் 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க் கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றவேண்டும், 200 மணித்தியாலத்துக்கு டாம்பரையும் காற்று ஸ்பிரிங்கையும் திறக்கவேண்டும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஓடினாலே முதல் கணக்கு ஆறு மாதத்தில் வந்துவிடும். எங்களில் செய்கிறவர் யார்? காற்றை வெளியே விட்டு, அடியில் இருக்கிற இரண்டு போல்ட்டையும் சில சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, கால்களை இழுத்து எடுத்தால் வருகிற எண்ணெயின் நிறமே எல்லாவற்றையும் சொல்லும். சீலுக்குக் கீழே ஒரு ஸ்பொஞ்ச் வளையம் இருக்கும், அதைக் கழுவிப் புதிய எண்ணெயில் ஊறவைத்து, அந்த மொடலுக்குச் சொன்ன அளவு எண்ணெயை ஊசிக் குழாயால் அளந்து விடவேண்டும். கைவேலை தெரிந்த பாஸ் ஒருவர் ஒரு பின்னேரத்தில் செய்துவிடுவார். புது ஃபோர்க் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், பாதிப் பேருக்கு இதோடு ஆசை அடங்கிவிடும்.

டயர் காற்றையும் பாருங்கள். 2.4 அங்குல டயரில் கடைக்காரர் 45 பி.எஸ்.ஐ அடித்துக் கல்லாக்கி அனுப்புவார், அதை முப்பதுக்குக் கீழே இறக்கினாலே பாதிக் குலுக்கம் போய்விடும். காற்று ஃபோர்க் என்றால் வழமையாக ஓடுகிற பையோடு ஏறி நின்று பாருங்கள், மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, கூடினால் நாலில் ஒரு பங்கு அமுங்கவேண்டும். அதன் வால்வு மோட்டார் சைக்கிள் டயர் வால்வு மாதிரியே இருப்பதால் பெற்றோல் ஷெட்டில் பிடித்து அடிக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். ஷொக் பம்ப் என்று தனியே ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் பழையது பத்தவில்லை என்றால், சரி, மாற்றுங்கள். உச்ச மொடல் ஒன்று வெளியில் ஆயிரம் டொலரைத் தொடும், ஏற்றிவரும் செலவும் சுங்கமும் 18% வற்வரியும் சேர்ந்தால் ரூபாயில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். எனக்கு ரொக்ஷொக்ஸ் டொமேன், மார்சோக்கி ஸெட்1 மாதிரியானவைதான் நியாயமாகப் படுகின்றன. தடித்த குழாய், சிக்கலில்லாத டாம்பர், கொஞ்சம் பாரம், அந்தப் பாரம் ஈ-பைக்குக்குக் கணக்கே இல்லை. ஃபோர்க்கோடு சேர்த்து இரண்டு செட் சீலும் ஒரு போத்தல் எண்ணெயும் அதே பெட்டியில் எடுப்பியுங்கள், பிறகு சைக்கிள் கடைகள் இருக்கிற டாம் வீதி முழுக்கத் தேடினாலும் உங்கள் மொடலுக்குச் சீல் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

பாவித்த ஃபோர்க் வாங்குகிறவர்கள் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கிரௌனில், அதாவது மேல் குழாய்களும் ஸ்டீரரும் சேருகிற பாகத்தில், கிறீச் என்று சத்தம் வந்தால், ஸ்டீரர் இறுக்கிப் பொருத்திய இடம் தளர்ந்திருக்கலாம், அந்த மேல் பாகத்தை முழுசாக மாற்றாமல் தீராது. ஸ்டீரர் எவ்வளவில் வெட்டியிருக்கிறது என்றும் கேளுங்கள், வெட்டினதை நீட்ட முடியாது. படத்தை மட்டும் அனுப்பி "இது என்ட சைக்கிளுக்குச் சரிவருமா அண்ணை" என்று கேட்கிற தம்பிமார் முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்து உங்கள் தலைக் குழாயை அளந்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு கதைப்போம்.