மினி 2, ஏர் 2எஸ்: பொழுது சாய்ந்த பிறகு தெரியும் வித்தியாசம்

பழைய ட்ரோன் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று வடசென்னையின் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துத் திருமண வீடியோத் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் இந்திய அரசு தடை விதித்த பிறகு, இவர்கள் கேட்டு வருவது பெரும்பாலும் அதற்கு முன்பே சந்தைக்கு வந்த டிஜேஐ மினி 2, ஏர் 2எஸ் ஆகிய இரண்டில் ஒன்றைப் பற்றித்தான். இரண்டிலும் 4கே வீடியோ இருக்கும்போது ஏர் 2எஸ்-க்குக் கூடுதல் பணம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நல்ல வெயிலில் மட்டுமே எடுபடும் என்பது என் கருத்து.

2020 நவம்பரில் வெளியான மினி 2-இல் இருப்பது 1/2.3 அங்குல வகை சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு); 2021 ஏப்ரலில் வெளியான ஏர் 2எஸ்-இல் இருப்பது 1 அங்குல வகை. பரப்பளவில் இது ஏறத்தாழ நான்கு மடங்கு பெரியது. இரண்டின் லென்ஸும் மாற்ற முடியாத எஃப் 2.8 அளவு ஒளித்துளை கொண்டவை என்பதால், ஒரே ஷட்டர் வேகத்தில் பெரிய சென்சார் வாங்கும் மொத்த வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அதிகம்.

துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் வரிசை கட்டி நிற்கும் நம் பகுதியில் முறைப்படி ட்ரோன் ஏற்ற இடம் தேடுவதே பெரும்பாடு. அதனால் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து, ஊரைத் தாண்டி அனுமதியுள்ள இடத்தில், என் மினி 2-ஐயும் நண்பரின் ஏர் 2எஸ்-ஐயும் அடுத்தடுத்து ஏற்றிப் பார்த்தோம். வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைகளின் வரிவரியான மேடுபள்ளங்கள் இரண்டிலும் தெளிவாகவே விழுந்தன. கேமரா வேகமாக நகரும்போது மட்டும், மினி 2-இல் வேப்பமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரியாமல் பச்சைக் களிம்பைப் போல ஒன்றோடொன்று குழைந்தன. மினி 2 நொடிக்கு 100 மெகாபிட் வரை, எச்.264 என்ற பழைய வீடியோச் சுருக்க முறையில் மட்டுமே பதிவு செய்கிறது. ஏர் 2எஸ் 150 மெகாபிட் வரை போவதோடு, இன்னும் திறமையாகச் சுருக்கும் எச்.265 முறையையும் தருகிறது.

பொழுது சாய்ந்ததும் கதை மாறியது. ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்தி வைத்தால் மினி 2-இல் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றியே ஆகவேண்டும்; ஏற்றினால் சுவர் நிழல்களில் புள்ளிகள் நெளிகின்றன, அவற்றை மென்பொருள் துடைக்கும்போது சுவரின் காரை பெயர்ந்த தடமும் சேர்ந்து போய்விடுகிறது. செம்மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மாறவேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தது. மினி 2 தரும் 8-பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். பிறகு நிறம் திருத்திக்கொள்வதற்கென்றே உள்ள டி-லாக் முறையில் ஏர் 2எஸ் தரும் 10-பிட் பதிவில் 1,024 படிகள். மாலை வரவேற்பில் பட்டுப்புடவையின் சரிகையும் பந்தலின் இருட்டும் ஒரே ஃப்ரேமில் வரும்போது இந்தப் படிகள்தான் கைகொடுக்கின்றன.

ஆனால் டி-லாக் காட்சி எடுத்தவுடன் வெளுத்துப்போனதாகவே தெரியும். கலர் கிரேடிங் (நிறத் திருத்தம்) செய்யும் பொறுமையும், 10-பிட் எச்.265 கோப்பைத் திக்காமல் ஓட்டும் கணினியும் இல்லாதவர்களுக்கு அந்த வசதி பெட்டியிலேயே தூங்கும். காட்சி கடைசியில் ரீல்ஸாகவோ வாட்ஸ்அப்பிலோதான் போகப்போகிறது என்றால், அங்கே நடக்கும் சுருக்கத்தில் பெரும்பாலான வித்தியாசம் கரைந்துவிடும். அவர்களுக்கு மினி 2 தாராளம். 249 கிராம் எடையுள்ள அது, 250 கிராமுக்கு மிகாத நானோ வகை என்பதால் தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 595 கிராம் ஏர் 2எஸ்-ஐத் தொழிலுக்கு ஓட்ட அந்தச் சான்றிதழ் வேண்டும்.

எதை வாங்கினாலும், தெருவிளக்கு வெளிச்சத்தில் நொடிக்கு 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் வைத்து எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60-இல் விளக்குகள் துடிக்க வாய்ப்புண்டு. விற்பவர் போனில் காட்டும் வீடியோவைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மாலை ஆறரைக்கு மேல் எடுத்த ஒரு காட்சியை மெமரி கார்டிலிருந்து அப்படியே வாங்கி, பெரிய திரையில் போட்டு, நிழல் விழும் மூலைகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.