தழும்புக்குத் தையல் மட்டும்தான் காரணமா?
தோலுக்கு அடியில் கரையும் நூலால் தைத்தால் சிசேரியன் தழும்பு தெரியவே தெரியாது என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே டாக்டர், அதே மாதிரி தையல்தான். எனக்கு மெல்லிய கோடாகிவிட்டது. அவளுக்கோ சிவந்து தடித்து, பாவாடை நாடா உரசினாலே அரிக்கிறது. காது குத்திய இடத்திலும் அவளுக்குக் கெலாய்டு (காயத்தையும் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) உண்டு, ஆபரேஷனுக்கு முன்னால் அதை யாரும் கேட்கவே இல்லை. கருமையான தோலில் இது அதிகம் வரும். மேலே கருத்துப் பகுதியில் ஸ்டேப்ளரை (நூலுக்குப் பதில் உலோகப் பின்களால் தோலை மூடுவதை) திட்டிய வாசகருக்கு: சில மாதம் கழித்துப் பார்த்தால் தையல், ஸ்டேப்ளர் இரண்டின் தழும்புக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. தையலில் காயம் பிரியும் வாய்ப்பு குறைவு, அதுதான் லாபம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் அந்த அடுக்கையும் தனியாகத் தைப்பது நல்லது. அப்புறம், காயம் ஆறியதும் தழும்பு தடிக்காமல் இருக்க சிலிகோன் ஷீட் ஒட்டலாம் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.