ஃபைல் எக்ஸ்டென்ஷனை பிரவுசர் நம்புவதில்லை
"இணைப்பு .பிடிஎஃப் என்று முடிந்தால் பிரவுசர் அதை பிடிஎஃப் ஆகத் திறக்கும்" என்று இந்தக் கட்டுரை சொல்வது சரியில்லை. யூஆர்எல் எப்படி முடிகிறது என்பதை பிரவுசர் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. ஃபைலோடு சர்வர் அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெடரைத்தான், அதாவது இது என்ன வகை ஃபைல் என்று சொல்லும் குறிப்பு வரியைத்தான் நம்புகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரித் தளத்தில் ஹால் டிக்கெட்டை பிஎச்பி ஸ்கிரிப்ட் (சர்வரில் ஓடும் சிறு நிரல்) வழியாகக் கொடுத்தார்கள். கிளிக் செய்தால் திரை முழுக்கக் கிறுக்கல். முதல் வரியில் %பிடிஎஃப்-1.4 என்பதை மட்டும்தான் படிக்க முடிந்தது. ஃபைலில் ஒரு குறையும் இல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிஎச்பி அதை டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்றே அனுப்பும், பிரவுசரும் வலைப்பக்கமாக நினைத்துக் காட்டிவிடும். அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்று ஒரு ஹெடர் வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. தேர்வு நெருங்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் பட்ட பதற்றத்தைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "டவுன்லோடு அட்ரிபியூட் போட்டால் போதும், எந்த ஃபைலும் இறங்கிவிடும்" என்று எழுதியிருக்கிறார். இணைப்பின் எச்டிஎம்எல் கோடில் "திறக்காமல் இறக்கு" என்று சொல்லும் குறிப்புதான் அந்த அட்ரிபியூட்; அதே தளத்து ஃபைல் என்றால்தான் அது செல்லும். ஃபைல் வேறு டொமைனில், ஒரு சிடிஎன்னில் (ஃபைல்களைப் பல இடங்களில் வைத்து வேகமாகத் தரும் சர்வர் வலையமைப்பு) இருந்தால் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே அதை மதிக்காமல் சாதாரண இணைப்பாகத் திறந்துவிடும். பிடிஎஃப் காட்டும் வசதி ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே 2013-ல் வந்துவிட்டதால், அது இறங்காமல் அங்கேயே விரியும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் (ஃபைலைத் திறந்து காட்டுவதா, சேமிப்பதா என்று சொல்வது) அட்டாச்மென்ட் என்று சர்வரே அனுப்ப வேண்டும்; சேமிக்க வேண்டிய ஃபைல் பெயரையும் அதிலேயே கொடுத்துவிடலாம்.