பழுது பார்த்த விமானத்தை முதலில் யார் ஓட்டுவது?

பெரிய பராமரிப்பு முடிந்து ஹேங்கரை விட்டு வெளியே வரும் விமானத்தை, அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் விமானியிடம் கொடுத்து "ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். தனிப் பயிற்சி இல்லாதவர் அந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

"பல ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்கு இது தெரியாதா?" என்று கேட்பார்கள். அந்த மணி நேரமெல்லாம் ஒழுங்காக வேலை செய்த விமானங்களில் கழிந்தவை. வழக்கமான பயணத்தில் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் விமானியின் வேலை. சோதனையிலோ வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, வேகம் அளவுக்கு மீறிக் குறையும்போது விமானத்தைக் காக்கும் பாதுகாப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அது விழிக்காவிட்டால் எந்த நொடியில் சோதனையைக் கைவிடுவது? இதற்கான பதில் தரையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்பினியான் அருகே நடந்தது இதுதான். ஜெர்மனியின் எக்ஸ்எல் ஏர்வேஸ் தன் குத்தகை ஏ320 விமானத்தை உரிமையாளரான ஏர் நியூசிலாந்திடம் திருப்பித் தருவதற்கு முன்பு நடந்த பறப்பு அது. பெயின்ட் வேலைக்கு முன் விமானத்தைக் கழுவியபோது, காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணத்தை அளக்கும் சென்சார்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே போனதும் அது உறைந்து, மூன்றில் இரண்டு சென்சார்கள் அசையாமல் நின்றன. யாருக்கும் அது தெரியவில்லை. 10,000 அடிக்கும் மேலே செய்ய வேண்டிய குறைவேகச் சோதனையை, தரையிறங்கப் போகும் வழியில், சுமார் 3,000 அடியில் செய்தார்கள். உறைந்த சென்சார்கள் தந்த தவறான அளவை நம்பியதால், காப்பாற்ற வேண்டிய கணினி காப்பாற்றவில்லை. விமானம் கடலில் விழுந்து 7 பேரும் இறந்தார்கள். இந்த மாதிரிப் பறப்புக்கென்று அந்த விமானிகளுக்குத் தனிப் பயிற்சி எதுவும் தரப்பட்டிருக்கவில்லை. அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சி தராமல் அனுப்பியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த இரண்டே மாதத்துக்குள், 2009 ஜனவரியில், இங்கிலாந்தின் நார்ஃபோக் மேலே ஒரு போயிங் 737 சோதனையின்போது தலைகுப்புறப் பாய்ந்தது. வால் பகுதியில் ஒரு சிறு திருத்தம் எதிர்த்திசையில் செய்யப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் திருத்துவது என்ற தகவல் எழுத்தில் தெளிவாகப் போகவில்லை. சுமார் 9,000 அடி இழந்த பிறகே மீட்க முடிந்தது. அவ்வளவு உயரம் கையிருப்பில் இருந்ததால் பிழைத்தார்கள்.

ஐரோப்பாவில் 2019 முதல் பராமரிப்புச் சோதனைப் பறப்புகளுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. பெரிய விமானங்களில் ஆபத்தான சோதனை செய்யும் கேப்டனுக்குப் பயிற்சி கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் அமெரிக்காவில் சிறிய விமானங்களுக்கான பொது விதியைப் பாருங்கள். பறக்கும் தன்மையையே மாற்றியிருக்கக்கூடிய வேலை நடந்திருந்தாலும், அந்த வகை விமானத்துக்குத் தகுதியுள்ள, தனியார் விமானி உரிமம் (சம்பளத்துக்கு ஓட்டாமல் சொந்தமாகப் பறப்பவருக்கான உரிமம்) வைத்திருப்பவர் சோதித்தால் போதும். அதுவரை விமானக் குழுவினரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். அப்படியானால் அந்த விமானியின் உயிரைப் பற்றி யார் கவலைப்படுவது?

விதி மாறும்வரை சிறு விமானம் ஓட்டுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிளம்பும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதை எல்லாம் கழற்றினார் என்று வரிவரியாகப் படியுங்கள். அப்புறம் கன்ட்ரோலை இடப்பக்கம் திருப்பி, இடது இறக்கையின் எலிரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். 2018-ல் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானத்தில் எலிரான் கேபிள்கள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. அது மேலே போன பிறகுதான் தெரிந்தது. எதிலாவது சந்தேகம் இருந்தால், யார் அவசரப்படுத்தினாலும் சரி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.