காணாமல் போனது எடைதான்
மனிதர்கள் இயக்கும் ராட்சத இயந்திரங்கள் கடலிலிருந்து வரும் அரக்க விலங்குகளுடன் மோதும் ‘பசிபிக் ரிம்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகம் சோபிக்காததற்குக் கணினி வரைகலையின் தரக்குறைவே காரணம் என்று உங்கள் கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 2013இல் வந்த முதல் பாகத்தின் சண்டைகள் பெரும்பாலும் இரவிலும் மழையிலும் நிகழ்ந்தன. 2018இல் வந்த தொடர்ச்சி அவற்றைப் பட்டப்பகலுக்குக் கொண்டுவந்ததால், யார் யாரை அடிக்கிறார்கள் என்பதாவது தெளிவாகத் தெரிந்தது (அது துணிச்சலான முடிவுதான்). குறை வேகத்தில் இருக்கிறது. முதல் பாகத்தில் அந்த இயந்திரங்கள் ஒரு கையை ஓங்குவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதத்தில்தான் அவற்றின் பேரெடையை நாம் உணர்ந்தோம். இரண்டாம் பாகத்தில் அவை கவசம் அணிந்த மனிதர்களைப் போலத் துள்ளி ஓடுவதால், கட்டடங்கள் சரியும்போதுகூடப் பொம்மை நகரம் உடைவதாகவே தோன்றுகிறது. இயந்திரங்களை இயக்கப் பழகும் இளைஞர்களின் பயிற்சிக் காட்சிகளை வேறொரு வாசகர் குறை கூறியிருக்கிறார்; அவை எனக்குச் சலிப்பூட்டவில்லை. முதல் பாகத்தின் நாயகி மாகோ மோரியை இதில் பாதியிலேயே சாகடித்ததைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை.