வலது கையில் பருந்து

மாமா சி.ஆர்.பி.எஃப்.-ல் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் துணை ராணுவத்துக்கு விண்ணப்பிக்கும் பையன்களை எல்லாம் முதலில் அவர்தான் சலிப்பார். யாரும் நியமிக்கவில்லை, அவராகவே ஏற்றுக்கொண்ட பதவி. அன்று மாட்டியவன் அவருடைய அக்கா மகன் மாரி.

மாமா: கையில் என்னடா கிறுக்கல்?

மாரி: டாட்டூ டிசைன் மாமா. பேனாவில் வரைந்து பார்த்தேன். நாளைக்குப் போய்க் குத்திக்கொள்ளப் போகிறேன்.

மாமா: எஸ்.எஸ்.சி. ஜிடி கான்ஸ்டபிள் தேர்வுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாய்தானே?

மாரி: ஆமாம். பருந்தைப் பார்த்தால் அங்கே ஒரு கெத்து இருக்குமே!

மாமா: வலது கையில் குத்தினால் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அது சல்யூட் அடிக்கிற கை. இடது முன்கையின் உட்பக்கம், இல்லையென்றால் புறங்கை. வேறு எங்கேயும் கூடாது.

மாரி: சரி, இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

மாமா: பருந்தும் ஆகாது. சாமி படம், மதச் சின்னம், பெயர், இவ்வளவுதான் அனுமதி.

மாரி: அப்போ ரோஜாப்பூ?

மாமா: பூக்கடைக்கா ஆள் எடுக்கிறார்கள்? கீழே என்னமோ பெயர் எழுதியிருக்கிறாயே.

மாரி: அது... அம்மா பெயர் மாமா.

மாமா: உன் அம்மா பெயர் பேச்சியம்மாள். என் அக்கா பெயர் எனக்குத் தெரியாதா? இங்கே 'பிரியதர்ஷினி' என்று இருக்கிறது.

மாரி: செல்லப் பெயர்.

மாமா: சரி, பெயர் இருக்கட்டும். ஆனால் அளவு? அந்தப் பாகத்தில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். (தையல் டேப்பை வைத்து அளக்கிறார்.) நீ எழுதியிருக்கிற சைஸில் 'பிரிய' வரைக்கும்தான் வரும்.

மாரி: பாதியில் விட்டால் கோபித்துக்கொள்வாள் மாமா!

மாமா: யாரு, அக்காவா?

(மாரி பதில் சொல்லாமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்க்கிறான்.)

மாமா: டாட்டூ கிடக்கட்டும், நேராக நில். குதிகாலைச் சேர். முட்டி ரெண்டும் இடிக்குதே!

மாரி: உங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் இடிக்கும்.

மாமா: பயத்தில் இடித்தால் பரவாயில்லை. பிறவியிலேயே இடித்தால் அன்ஃபிட். காலை நனைத்துவிட்டு அந்தத் தரையில் மிதி... ம், பாதத்தில் வளைவு இருக்கிறது, தப்பித்தாய். முகத்தில் என்ன, கண்ணாடி?

மாரி: சும்மா ஸ்டைலுக்கு. பவர் எல்லாம் கிடையாது.

மாமா: பவர் இருந்தால் இங்கேயே அழுதிருப்பாய். கண்ணாடி போட்டுத் தெரிகிற பார்வை கணக்கில் வராது. காதைக் காட்டு... அடேய், இதற்குள் நெல் விதைக்கலாம்! முதலில் டாக்டரிடம் போய்ச் சுத்தம் பண்ணு. ஓடுகிறாயா?

மாரி: தினமும் காலையில்.

மாமா: 24 நிமிஷத்தில் 5 கிலோமீட்டர் வருமா?

மாரி: நாய் துரத்தினால் வரும்.

மாமா: அங்கே நாய்க்கு ஏற்பாடு கிடையாது. உயரம்?

மாரி: 171. ஒரு சென்டிமீட்டர் மிச்சமே இருக்கிறது.

மாமா: மார்பைப் பார்ப்போம். (டேப்பைச் சுற்றுகிறார்.) 80. சரியாக விளிம்பில் நிற்கிறாய். இப்போ மூச்சை இழு... இன்னும்... 83. இன்னும் 2 சென்டிமீட்டர் விரிய வேண்டும்டா.

மாரி: (திணறி) இவ்வளவுதான் மாமா, இதற்கு மேல் இழுத்தால் உயிரும் சேர்ந்து வரும்.

(மாரியின் போன் அடிக்கிறது. திரையைப் பார்க்கிறான். டேப் மாமாவின் விரலிலிருந்து நழுவுகிறது.)

மாமா: 86! யாருடா போனில்?

மாரி: ராங் நம்பர்.

மாமா: இந்த ராங் நம்பரை அங்கே வரவழைக்க முடியாதே! உள்ளே போன் விடமாட்டார்கள்.

மாரி: அதனால்தான் மாமா கையில் எழுதிக்கொண்டு போகிறேன் என்கிறேன்.

மாமா: (சற்று யோசித்து) இடது கை. உட்பக்கம். பொடி எழுத்தில் குத்தச் சொல்லு, முழுப் பெயரும் வரட்டும்.

மாரி: அம்மா கேட்டால்?

மாமா: செல்லப் பெயர் என்று சொல்லு.